தண்டபாணி என்று ஒருவர்

தஞ்சாவூரில் நான் படுத்திருந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரில் இன்றைக்கும் என் வீட்டுக்காரர் பெயர் தண்டபாணி என்றுதான் இருக்கிறது. அவர் பெயர் அது இல்லை. அந்தப் பெயரில் எங்கள் சொந்தத்திலேயே ஒருவரும் கிடையாது. அந்தத் தப்பு எப்படி நேர்ந்தது, அந்தத் தப்பால் நான் எப்படிப் பிழைத்துக்கொண்டேன் என்று எழுதிவைக்கச் சொல்லி மகள் கவிதா நச்சரித்துக்கொண்டே இருக்கிறாள். எனக்கும் ஆசைதான். தலைவலி, வயிற்றெரிச்சல் என்று மாத்திரையை முழுங்கிக்கொண்டு வீட்டில் நடப்பதை வெளியே சொல்லாமல் இருக்கிற பெண்கள் என்னைச் சுற்றியே பத்துப் பேர் உண்டு. அதில் ஒருத்தி படித்தாலும் போதும்.

நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். அதற்காக ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். வேதாரண்யம் வரைக்கும் மெஷின் நடவு செய்கிற விவசாயி யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தையல்நாயகி போட்ட நாற்று என்றால் தெரியும். நடவு மெஷினுக்குச் சாதாரண நாற்று ஆகாது. தட்டில் மண்ணைப் பரப்பி விதை தூவி, பதினைந்து நாளில் வேரோடு வேர் பின்னிக்கொண்டு பாய் மாதிரி சுருட்டி எடுக்க வர வேண்டும். எங்கள் பக்கத்தில் அதை முதலில் போட்டவள் நான். செய்து காட்ட வந்த வேளாண்மை ஆபீசர் தூக்கின நாற்று கையோடு பிய்ந்து வந்தது. நான் போட்டதைத் தோளில் துண்டு மாதிரி போட்டுக்கொண்டு வரப்பில் நடந்து காட்டினேன். அவர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். நூறு தட்டில் ஆரம்பித்து ஒரு போகத்துக்குப் பல ஆயிரம் தட்டு என்று கொண்டுவந்து நிறுத்தினேன். யாரும் சொல்லிக்கொடுத்து இல்லை.

பண்ணைக்குப் போர்டு மாட்டினபோது என் வீட்டுக்காரர் தன் பெயரை எழுதச் சொன்னார். இன்னார் நாற்றுப்பண்ணை என்று இரண்டடி எழுத்து. எங்கள் தலைமுறையில் புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தார்கள். ஆகவே நான் உண்டாக்கின பண்ணையின் பெயரை என்னாலேயே சொல்ல முடியாமல் போனது. போன் வந்தால் "நாத்துப்பண்ணைங்க" என்பேன். எந்தப் பண்ணை என்று கேட்டால் பக்கத்தில் இருக்கிறவர் கையில் போனைக் கொடுத்துவிடுவேன். வீட்டுக்காரர் அதைப் பார்த்துச் சிரிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஊரில் கேட்டால் அவரைத் தங்கமான மனுஷன் என்பார்கள். பொய் இல்லை. கல்யாண வீட்டில் முன்னால் நின்று பந்தி பரிமாறுவார். யார் வீட்டுப் பெரியவருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் தன் காரில் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூருக்குப் பறப்பார். வாசற்படி தாண்டி உள்ளே வந்ததும் அந்த முகத்தைச் சட்டையோடு சேர்த்துக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். என்னை ஒருநாளும் அடித்ததில்லை. அதனால்தான் நாற்பத்திரண்டு வருஷம் எனக்குப் புரியவில்லை. அடித்திருந்தால் அடிக்கிறார் என்று சொல்லியிருப்பேன். இதற்கு என்ன பெயர் சொல்வது?

குழம்பில் உப்புக் கூடினால் பத்து நாள் பேச மாட்டார். என்ன கோபம் என்றும் சொல்ல மாட்டார். நானே யோசித்து, செய்ததற்கும் செய்யாததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்பேன். பிறகு ஒருநாள் சாயங்காலம் மல்லிகைப்பூவோடு வந்து "தையலு" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு உருகிப் போய்விடுவேன். யாராவது என் நாற்றைப் புகழ்ந்தால் அன்றைக்கு வீட்டில் சோறு இறங்காது. "அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். கணக்கு வழக்கு, யோசனை எல்லாம் நம்ம தலையிலதான்" என்று வந்தவர்களிடம் சொல்வார். என் முன்னாலேயே சொல்வார். ஒன்றை இருபது தடவை கேட்டால் அது உண்மையாகிவிடுகிறது.

கடைசி ஐந்தாறு வருஷமாக இன்னொன்று ஆரம்பித்தது. மோட்டார் ரூம் சாவியை நான் மாடத்தில் வைப்பேன். போய்ப் பார்த்தால் இருக்காது. அரிசி டின்னுக்குள் இருக்கும். "நீதான் வச்சே. உனக்கு மூளை கலங்கிக்கிட்டு வருது" என்பார். மூக்குக்கண்ணாடி மாட்டுக் கொட்டகையில் கிடக்கும். ஆர்டர் எழுதின சீட்டு மாயமாகும். ஆயிரக்கணக்கான தட்டுக்கு விதை எடை மனசில் வைத்திருந்தவள் நான். எனக்கே என்மேல் நம்பிக்கை போய்விட்டது. வைக்கிற சாமானை எல்லாம் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்ள ஆரம்பித்தேன். ராத்திரி தூக்கம் இல்லை. காலையில் எழுந்தால் தலை வெடிக்கும். மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் கட்டாங்காப்பியோடு போடுவேன். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலானது. அந்த மாத்திரைதான் என்னை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது.

குறுவை நாற்றுக்குத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த சமயம். இரண்டு நாளாக வெளிக்குத் தார் மாதிரி கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் வாந்தி வந்தது. காப்பித்தூளைக் கரைத்துக் கொட்டினது மாதிரி இருந்தது. அவர் திருவாரூரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பி நின்றார். எட்டிப் பார்த்தார்.

"நான் வெளிய கெளம்புறப்பதான் உனக்கு எல்லாம் வரும்" என்றார். செண்டு போட்டுக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

நானும் நடிப்பாகத்தான் இருக்குமோ என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன். எழுந்து போய்த் தட்டு அடுக்கினேன். பண்ணையில் எனக்குக் கைபோல இருக்கிறவள் செல்வி. விதை தூவுவதில் எனக்கு அடுத்தபடி அவள்தான். அவள் வந்து பார்த்தபோது நான் தட்டுகளுக்கு நடுவில் விழுந்து கிடந்தேனாம். 108-க்குப் போன் போட்டு, மண் கையைக்கூடக் கழுவாமல் என்னோடு ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இறக்கினதும் அட்மிஷன் சீட்டு போடுகிற பெண் தள்ளுவண்டிப் பக்கத்திலேயே வந்து கேட்டாள். பெயர் சொன்னேன், வயசு சொன்னேன். ஆதார் கார்டு கேட்டாள். என் கார்டு, பாஸ்புக் எல்லாம் அவர் பெட்டியில்தான் இருக்கும், அவர்தான் பூட்டி வைப்பார். கணவர் பெயர் என்ன என்றாள். செல்வி வண்டி ஓட்டி வந்தவரிடம் எதற்கோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் சொல்லியாக வேண்டும்.

"சாமி பேருதாம்மா" என்றேன்.

"எந்த சாமிம்மா?"

"முருகன். கையில தண்டம் வச்சுக்கிட்டு மலை மேல நிப்பாரே."

"தண்டபாணியா?"

அந்த நேரம் பார்த்து வாந்தி வந்தது. தலையைக் குனிந்தேன். அவள் அதைத் தலையாட்டல் என்று எடுத்துக்கொண்டாள். தண்டபாணி என்று தட்டிவிட்டாள். எனக்கு அதற்கப்புறம் நினைவில்லை.

கண் விழித்தபோது ஐசியூவில் இருந்தேன். மூக்கில் குழாய், கையில் இரண்டு ஊசி, தலைமாட்டில் ஒரு டிவி மாதிரி, அதில் பச்சைக் கோடு ஓடியது. டாக்டர் நல்ல பொறுமைசாலி. எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். வலி மாத்திரை வலியை மட்டும் கொல்லாது, வயிற்றுக்குள் மெழுகினது மாதிரி இருக்கிற மேல்தோலையும் அரித்துவிடும். அரித்த இடத்தில் புண். புண்ணுக்கடியில் ஒரு ரத்தக்குழாய். அது வாய் திறந்து ரத்தம் உள்ளுக்குள்ளேயே கசிந்துகொண்டிருக்கிறது. கறுப்பாகப் போனது அந்த ரத்தம்தான். உடம்பில் இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதிதான் மிச்சம் என்றார். வேறு யாரோ கொடுத்த ரத்தம் இரண்டு பாட்டில் ஏறியது. யாரென்று தெரியவில்லை, நன்றாக இருக்க வேண்டும்.

அப்புறம் எண்டோஸ்கோப்பி. வாய் வழியாகச் சுண்டுவிரல் தடிமன் குழாயை விடுவார்கள். நுனியில் கேமரா. அதன் வழியாகவே கிளிப் மாதிரி ஒன்றை அனுப்பி ரத்தக்குழாயைக் கவ்வ வைத்துவிடுவார்கள். தொண்டை மரத்துப் போக மருந்தடித்தார்கள். குழாய் இறங்கும்போது உயிர் போய்விடும் போலிருந்தது. பயந்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அசையவில்லை. இத்தனை வயசில் இவ்வளவு ஒத்துழைக்கிற பேஷண்டைப் பார்த்ததில்லை என்று டாக்டரே சொன்னார். மதகுப் பலகை போட்ட மாதிரி கசிவு நின்றது.

ஐசியூவுக்குள் ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் வரலாம். அதற்கு ஒரு பாஸ். வாசலில் செக்யூரிட்டி நோட்டில் பெயர் பார்த்துத்தான் விடுவார். என் வீட்டுக்காரர் மறுநாள் காலையில் வந்தார். நடந்ததைச் செல்வி எனக்கு அப்புறம் நடித்தே காட்டினாள். அவர் விறைப்பாக உள்ளே நுழையப் பார்த்திருக்கிறார். செக்யூரிட்டி வயசான மனுஷன். நோட்டைப் பார்த்துவிட்டு, "நீங்க தண்டபாணிங்களா?" என்றாராம்.

"அது யாருய்யா தண்டபாணி? நான் அவ புருஷன்."

"பேஷண்டோட வீட்டுக்காரர் பேரு தண்டபாணின்னுதான் போட்டிருக்கு. கார்டு காமிங்க."

கார்டைக் காட்டியிருக்கிறார். அதில் அவர் பெயர்.

"இது வேற பேருங்களே, சார். தண்டபாணி வந்தா அனுப்பிச்சு வைங்க."

அவ்வளவுதான். நாற்பத்திரண்டு வருஷமாக வாசற்படிக்கு உள்ளே மட்டும் வந்த முகம் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவில் வெளியே வந்துவிட்டது. செக்யூரிட்டியை வாடா போடா என்றார். உன்னை வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்றார். பொண்டாட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டது, புருஷன் பெயரே மறந்துபோச்சு, இவளை நம்பி எழுதினீர்களா என்று சத்தம் போட்டார். வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகளும் கூட வந்தவர்களும் பார்த்தார்கள். அரை மணி கழித்து அதே மனுஷன் ஸ்வீட் பாக்ஸ் வாங்கிவந்து ரிசப்ஷன் பெண்களுக்குக் கொடுத்துக் கண் கலங்கினாராம். செல்வி சொன்னாள், "ரெண்டையும் ஒரே எடத்துல ஒக்காந்து பாத்தேன்கா."

சத்தம் கேட்டு நர்ஸ் ஸ்டெல்லா என்னிடம் வந்தாள். வேளாங்கண்ணிப் பக்கத்துப் பெண், கவிதா வயசு இருக்கும். அவர் பெயரைச் சொல்லி, "இதாம்மா உங்க வீட்டுக்காரரு பேரு? பேரை மாத்திடட்டுமா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் தலைமாட்டு டிவி கீக் கீக் என்று கத்தியது. எண்பதில் ஓடிக்கொண்டிருந்த நாடி நூற்று முப்பதுக்குப் போய்விட்டது. ஸ்டெல்லா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஊசி மாற்றுவதற்காக என் கையை விரித்தவள் உள்ளங்கையையும் பார்த்தாள். 'சாவி மாடம்' என்று என் கிறுக்கல் எழுத்து, வியர்வையில் பாதி அழிந்து இருந்தது.

"இது என்னம்மா?"

"மறந்துருவேன்மா. எனக்கு மூளை சரியில்ல."

அவள் ஈரப் பஞ்சால் உள்ளங்கையைச் சுற்றிலும் துடைத்தாள். எழுத்தை மட்டும் விட்டுவிட்டாள். "பேரை அப்பறம் மாத்திக்கலாம். டாக்டர் சொல்லட்டும்" என்று வெளியே போனாள். பச்சைக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக எண்பதுக்கு இறங்கியது. வெளியே அவர் குரல் தேய்ந்து போனது. அன்றைக்குப் பகல் முழுக்கத் தூங்கினேன். அப்படித் தூங்கி எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கே தெரியாது.

பாஸை வாங்கிக்கொண்டு கவிதா உள்ளே வந்தாள். மன்னார்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம், பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு வருஷமாக அவள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. செல்வி போன் செய்ததும் ஓடி வந்திருக்கிறாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகைக்கு நடுவில், "நான் வந்தா மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொன்னியேம்மா" என்றாள்.

நான் அப்படிச் சொல்லவே இல்லை. அம்மா பண்ணையையே கட்டிக்கொண்டு அழுகிறவள், அவள் வீட்டில் கை நனைக்கக்கூட அருவருப்பாக இருக்கிறது என்று கவிதா சொன்னதாக அவர்தான் என்னிடம் சொன்னார். அவளும் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். அவர் இங்கே சொன்னது, அங்கே சொன்னது. ஒன்றுகூட ஒட்டவில்லை. கவிதா அழுகையை நிறுத்திவிட்டாள். அழுததைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு டீச்சர் விடைத்தாளைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் செல்வி கஞ்சி எடுத்து வந்தாள். நெய் இல்லாமல், கொஞ்சம் உப்புப் போட்டு, குழைய வடித்த புழுங்கலரிசிக் கஞ்சி. ஒரு வாய் ஊட்டிவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, ஒன்னு சொன்னா கோச்சுக்காதீங்க" என்றாள்.

"சொல்லு."

"சாவிய அண்ணன்தான் எடுத்து டின்ல போட்டுச்சு. நான் ரெண்டு தரம் பாத்தேன். கண்ணாடியும் அதான். சொன்னா நம்ப மாட்டீங்கன்னு சும்மா இருந்துட்டேன்."

அவள் சொன்னது சரி. நான் நம்பியிருக்க மாட்டேன். அவளை வேலையை விட்டு அனுப்பியிருப்பேன். அதைச் சொல்லவும் செய்தேன். அவள், "தெரியும்கா, வாயத் தொறங்க" என்று அடுத்த கரண்டியை நீட்டினாள்.

வார்டுக்கு மாற்றின பிறகு ஸ்டெல்லா சொல்லித்தான் ஒரு டாக்டரம்மா வந்தார்கள். மனநல டாக்டர். எனக்கு முதலில் கோபம். நான் என்ன பைத்தியமா என்றேன். அவர்கள் சிரித்துவிட்டு, "அதத்தான் பாக்கப்போறோம்" என்றார்கள். மூன்று சொல் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். நான் இரண்டு வரைக்கும் நிற்காமல் இறங்கி வந்தேன். பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். மூன்று சொல்லைத் திருப்பிச் சொன்னேன். அத்தோடு விடவில்லை. போன வருஷச் சம்பாவுக்கு யார் யாருக்கு எத்தனை தட்டு, எந்த ரகம், எந்தத் தேதி என்று வரிசையாக எடுத்துவிட்டேன். செல்வியின் செல்லில் இருந்த ஆர்டரோடு கவிதா ஒத்துப் பார்த்தாள். ஒன்றும் தப்பவில்லை.

"உங்க மூளைக்கு ஒரு கோளாறும் இல்லம்மா" என்றார்கள்.

அந்த ஒரு வார்த்தைக்கு அழுதேன். ரத்தம் கக்கினபோது அழவில்லை.

அவருக்கு என்ன வியாதி என்று கேட்டேன். "அவர நான் பாக்கல, அதனால பேர் சொல்ல மாட்டேன். உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்றேன்" என்றார்கள். சில பேருக்குத் தன்னைத் தவிர உலகத்தில் இன்னொரு ஆளே கிடையாது. கூட இருக்கிறவர்கள் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி. கண்ணாடி தானாகப் பளபளத்தால் பொறுக்காது. அதை மங்கவைக்கப் பார்ப்பார்கள். இதெல்லாம் புரிந்தது. அவ்வளவு கஷ்டப்பட்டும் பூவோடு வந்தால் நான் ஏன் உருகினேன் என்பதுதான் புரியவில்லை. எப்போதும் கொடுத்தால் மனசு பழகிவிடும், எப்போதும் கொடுக்காவிட்டால் விட்டுவிடும், எப்போதாவது கொடுத்தால்தான் வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கும் என்றார்கள்.

அதைக் கேட்டதும் பிடிபட்டுவிட்டது. "முறைத் தண்ணிங்க" என்றேன். அவர்களுக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடுத்தேன். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் வாய்க்காலில் முறை வைத்து விடுவார்கள். ஐந்து நாள் வரும், பத்து நாள் வராது. பயிர் வெடித்த மண்ணில் வதங்கி நிற்கும். தண்ணீர் வருகிற அன்றைக்கு மதகைத் திறக்கிற ஆளைக் கும்பிடத் தோன்றும். பூட்டினதும் அவன்தான் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கே வராது. டாக்டரம்மா அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் சொன்னதை ஒரு டாக்டர் எழுதிக்கொண்டார் என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

இதெல்லாம் தெரிந்துவிட்டால் முடிந்துபோச்சு என்று நினைக்கக் கூடாது. டிஸ்சார்ஜ் எப்போது என்று டாக்டர் சொன்ன நிமிஷத்திலிருந்து தூக்கம் போய்விட்டது. கவிதா தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். எனக்கோ பண்ணை, தட்டு, அவர் சாப்பாடு. எங்கே போவது? பெண் கொடுத்த வீட்டில் போய் உட்காருவதா? ஊர் என்ன சொல்லும்? அவர் மாறிவிட்டிருந்தால்? இரண்டு நாள் இதையே புரட்டினேன். கவிதா வற்புறுத்தவில்லை. "நீ சொல்றதுதான். நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்" என்றாள். எனக்கு அதுவே புதுசாக இருந்தது.

டிஸ்சார்ஜ் அன்று காலையில் அவர் வார்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மல்லிகைப்பூ. பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு வணக்கம் சொன்னார். என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"தையலு, எளைச்சுப் போயிட்டியே. வா, வீட்டுக்குப் போவோம். நாத்தெல்லாம் உன்னத் தேடுது" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். என் கால் கட்டிலை விட்டு இறங்கிவிட்டது. செருப்பைத் தேடியது. நாற்பத்திரண்டு வருஷத்துக் கால், அதற்கு வேறு என்ன தெரியும்? பக்கத்துக் கட்டில் அம்மா, "எப்பேர்ப்பட்ட புருஷன்" என்று தன் மகளிடம் சொன்னது காதில் விழுந்தது. ஒரு செருப்பை மாட்டிவிட்டேன். ஸ்டெல்லா மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கவிதா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் அத்தோடு நிறுத்தியிருந்தால் போயிருப்பேன். எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற சந்தோஷத்தில் இன்னொன்றும் சொன்னார். ஸ்டெல்லாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"புருஷன் பேரையே மறந்துட்டா பாருங்க. யாரோ தண்டபாணியாம். மூளைக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க சிஸ்டர். வீட்டுல இவளத் தனியா விட முடியல."

மாட்டின செருப்பைக் கழற்றினேன்.

"சுவாமிநாதன்" என்றேன்.

நான் மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைவு. வார்டு முழுக்கக் கேட்டது என்று கவிதா சொல்கிறாள். என் காதுக்கே அது வேறு யாரோ பேசின மாதிரி இருந்தது. பக்கத்துக் கட்டில் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவர் அறை வாங்கினவர் மாதிரி எழுந்து நின்றார்.

"உங்க பேரு சுவாமிநாதன். எனக்கு ஞாபகம் இருக்கு. சாவிய யாரு டின்ல போட்டதுன்னும் இப்ப தெரியும். நான் வரல. நீங்க போங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுற்றி நின்றவர்கள் முகத்தைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தார். யார் முகத்திலும் தனக்கு வேண்டியது இல்லை என்று தெரிந்ததும் பூவைக் கட்டில்மேல் போட்டுவிட்டுப் போனார். அந்தப் பூ வாடட்டும் என்று நான் விடவில்லை. நல்ல குண்டு மல்லி. ஸ்டெல்லா தலையில் வைக்கச் சொன்னேன்.

பெயரைச் சொன்னதால் அவர் ஆயுசு குறையவில்லை. நன்றாகத்தான் இருக்கிறார். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாதிப் பேர் நம்புகிறார்கள். மீதிப் பேர் என்னிடம் நாற்று வாங்குகிறார்கள்.

மன்னார்குடியில் முதல் மாதம் எப்படி இருந்தது என்றும் சொல்லவேண்டும். கஞ்சியும் இட்லியும், வயிற்றுப் புண்ணுக்கு விடியற்காலையில் ஒரு மாத்திரையும். தலைவலி மாத்திரை இருக்கிற பக்கமே திரும்பவில்லை. காப்பி போட்டுக்கட்டுமா என்று கவிதாவிடம் கேட்டேன். மூன்றாம் தடவை கேட்டபோது, அனுமதி கேட்க ஆளே இருக்கக் கூடாது என்று அவள் அடுப்பங்கரையை விட்டே வெளியே போய்விட்டாள். கார் சத்தம் கேட்டால் எழுந்து நின்றேன். மருமகன் யோசனையில் பேசாமல் இருந்தால், நான் என்ன செய்துவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவருக்குப் பல்வலி, அவ்வளவுதான். மாப்பிள்ளை அதற்கப்புறம் பேசாமல் இருக்கும்போதெல்லாம், "கோவம் இல்லைங்க அத்தை, சும்மாதான்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறார். அந்த வார்த்தையை எந்த மருந்துக் கடையிலும் வாங்க முடியாது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். சில நாள் சாயங்காலம் வீட்டுக்காரரை மனசு தேடியது. டாக்டரம்மாவிடம் சொன்னபோது, "தேடும்மா. தேடுனா போகணும்னு இல்ல" என்றார்கள்.

இரண்டாம் மாதம் மாப்பிள்ளை தெரிந்தவரிடம் ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்தார். செல்வி பழைய இடத்தில் கணக்கு முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். சம்பாவுக்குத் தட்டு போட்டோம். முதல் போன் வந்தது. "நாத்துப்பண்ணைங்க" என்றேன், பழக்கம். எந்தப் பண்ணை என்றார்கள். கை தானாகப் போனைச் செல்வியிடம் நீட்டியது. அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். திரும்பக் காதில் வைத்து, "தையல்நாயகி நாத்துப்பண்ணைங்க" என்றேன். எதிர்முனை ஆள் சாதாரணமாக, சரிங்க அம்மா, எண்பது தட்டு வேணும் என்றார். அவருக்கு என்ன தெரியும்? சுருட்டினால் பாய், விரித்தால் வயல், அந்த மாதிரி நாற்றைத்தான் அவருக்கு அனுப்பினேன்.

போன வாரம் மறுபடி எண்டோஸ்கோப்பிக்குத் தஞ்சாவூர் போயிருந்தேன். புண் ஆறிவிட்டது, தழும்புதான் இருக்கிறது என்று டாக்டர் திரையில் காட்டினார். பணம் கட்டுகிற இடத்தில் அதே பெண் உட்கார்ந்திருந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை. இப்போது ரத்தம் ஊறின முகம், அவள் மேல் தப்பில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்து வாசித்தாள்.

"பேரு தையல்நாயகி. கணவர் பேரு தண்டபாணி. சரிதானேம்மா, எதாவது திருத்தணுமா?"

கவிதா என் கையைப் பிடித்தாள்.

"அப்படியே இருக்கட்டும்மா" என்றேன். "ரொம்ப நல்ல மனுஷன். ஒருநாளும் வந்து பாத்ததே இல்ல."